நீலம் பூசிய சாலை

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம் பூட்டியிருக்கும். ஆனாலும் அதன் முன்னால், பனியை ஒதுக்கித் தள்ளிய இடத்தில், ஒரு சாம்பல் நிற வண்டி நிற்கும். உள்ளே விளக்கு எரியும். ஓட்டுநர் இருக்கையில் அறுபது வயதுப் பெண் ஒருத்தி, கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்த சின்னத் திரையைப் பார்த்துக் கைகளை வீசிக்கொண்டிருப்பாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவள் யாரையோ திட்டுகிறாள் என்று நினைப்பார்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஐலா பெல்கோனன் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று. தெரிந்தாலும் பார்க்காததுபோல் கடந்து போவார்கள். சுப்பீரியர் ஏரிக்கரையின் அந்த வடகோடியில் மரியாதை என்பது அதுதான்.

அக்கா எல்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஏழு வயதில் அவளைத் தெற்கே, ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரத்தில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் கோடை விடுமுறைக்கு அவள் திரும்பி வந்தபோது அவள் கைகளில் ஒரு மொழி இருந்தது. அப்பாவுக்கு அதைப் பார்க்கவே கூச்சம். அம்மாவுக்கு மாடு, அடுப்பு, துணி என்று நாள் போதாது. சும்மா இருந்தது ஐலா மட்டும்தான். வைக்கோல் பரணில் உட்கார்ந்து அக்காவிடம் முதலில் கெட்ட வார்த்தைகளைக் கற்றாள், பிறகு மீதியை. பத்து வயதாகும்போது சாப்பாட்டு மேசையில், "அவ என்னடி சொல்றா?" என்று அம்மா கேட்டால், சொல்லக்கூடியதை மட்டும் வடிகட்டிச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். பாதிரியாரின் நடையை எல்மா இரண்டு விரல்களில் நடத்திக் காட்டுவாள். அதை எந்த வாய்மொழியில் சொல்வது?

எல்மா படித்த நகரத்திலேயே வேலை பார்த்து, அங்கேயே தங்கிவிட்டாள். ஐலா வடக்கே தங்கினாள். மரம் ஏற்றும் லாரி ஓட்டிய கார்லைக் கட்டிக்கொண்டாள். அவர் நல்லவர், அதிகம் பேசாதவர். பேசாமலேயே ஒரு இலையுதிர்காலத்தில் போயும் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஐலாவுக்கு வேலை. "சாதாப் பாலா, சாக்லேட் பாலா?", "அடுத்தது வா", "தட்டை நேராப் பிடி". பகல் முழுவதும் அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை.

கடிதம் எழுதலாமே என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேட்பார்கள். எழுதிப் பார்த்தாகிவிட்டது. எல்மாவுக்கு எழுத்து என்பது பள்ளியில் அடித்துப் புகட்டிய அந்நிய மொழி. "குளிர். நலம். மீன் சாப்பிட்டேன்." இதைப் படித்தால் யாரோ தெரியாத கிழவியின் கடிதம் போலிருக்கும். கையால் பேசும்போதுதான் அவள் எல்மா. திரையில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்ததும் காது கேளாதவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எல்மாவின் குடியிருப்பிலும் வந்துவிட்டது. வராதது ஐலாவின் பக்கத்தில்தான்.

அவள் வீடு பழைய சுரங்கச் சாலையில். ஏழு வீடுகள் உள்ள சாலை. குன்று மறைப்பதால் அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. கூரையில் சட்டி வைத்து வானத்திலிருந்து இணையம் இழுக்கும் முறையையும் ஒரு வருடம் வைத்துப் பார்த்தாள். படம் எப்போதும் தாமதமாக வரும். மாதம் பாதி ஆவதற்குள் அந்த மாதத்து இணைய அளவு தீர்ந்துவிடும். அதனால்தான் நூலகத்தின் வாசல்; அது திறந்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்குப் பள்ளியில் வேலை. அங்கே சுவரைத் தாண்டி வெளியே கசியும் இணையத்தை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அதுவும் அடிக்கடி நின்று போகும். வாய்ப்பேச்சு நடுவில் அறுந்தால் மீதியை ஊகிக்கலாம். கை பாதியில் உறைந்தால் அது வேறொரு சொல்லாகிவிடும். "அம்மா" என்று தொடங்கியது "நல்லது" என்பதுபோல் நிற்கும். இருவரும் சிரிப்பார்கள். முதலில் சிரித்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் எல்மா சொன்னாள், கண்ணும் போகிறது என்று. பிறவிச் செவிடோடு சேர்ந்தே வரும் நோயாம். ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே நகர்ந்து வரும். "இப்போ ஒரு குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி. நீ கையைச் சின்னதா அசை. மார்புக்குப் பக்கத்துலயே வச்சுக்க. கறுப்புச் சட்டை போடு. அப்புறம் அந்த வண்டிக்குள்ள இருந்து பேசாதே, ஐலா. இருட்டுல உன் கை எனக்கு எலி ஓடுற மாதிரி தெரியுது."

"எவ்வளவு நாள் இருக்குமாம்?"

"டாக்டருக்குத் தெரியாது. குழாய் சுருங்கிக்கிட்டே இருக்கும். எப்பவாவது மூடிக்கும்."

அதற்கப்புறம் ஐலாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நல்ல வெளிச்சத்தில், படம் உறையாமல், அக்காவோடு பேச ஓர் இடம். அந்தக் குழாய் மூடுவதற்குள்.

நூலகத்துக் கணினியில் அரசாங்கத்தின் வரைபடம் ஒன்று இருந்தது. எங்கெங்கே இணையக் கம்பி உண்டோ அங்கெல்லாம் நீலம். பள்ளி விடுமுறை ஒன்றில் ஐலா அதில் தன் சாலையைத் தேடிப் பிடித்தாள். நீலம். ஏழு வீடும் நீலம். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் கம்பெனியைக் கூப்பிட்டாள். எங்கோ தொலைவில் ஒரு பெண் உற்சாகமாகச் சொன்னாள். "இருக்கு மேடம்! உங்க ஏரியாவுல சர்வீஸ் இருக்கு. வாழ்த்துக்கள்!"

அடுத்த வாரம் கம்பிக்காரர் வந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார், சாலையை மேலும் கீழும் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உங்க வீடு வரைக்கும் கம்பி வரலையேம்மா."

"வரைபடத்துல இருக்கே?"

"வரைபடத்துல இருக்கு. ஒரு பகுதியில ஒரு வீட்டுக்குக் கொடுத்துட்டா, அந்தப் பகுதி முழுக்க நீலம் பூசிடுவாங்க."

"அப்போ இந்தச் சாலையில யாருக்கோ இருக்கு?"

"இருக்கணும்."

"யாருக்கு?"

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அதை நான் சொல்லக்கூடாதும்மா. கம்பெனி ரகசியம்." அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஏலக்காய் ரொட்டியைப் புகழ்ந்துவிட்டுப் போனார். அவள் வீடு வரை கம்பி இழுத்துத் தர என்ன ஆகும் என்று பிறகு கம்பெனி அனுப்பிய தொகையில் ஒரு புது லாரி வாங்கலாம்.

வேறு ஊராக இருந்தால் ஐலா அன்று மாலையே ஆறு வீட்டுக் கதவையும் தட்டியிருப்பாள். அங்கே அப்படிச் செய்வதில்லை. "உங்க வீட்டுல இணையம் இருக்கா?" என்று கேட்டால், இருக்கிறவர் "இருக்கு" என்று சொல்ல வேண்டிவரும். சொன்னபின் "வந்து பயன்படுத்திக்கோ" என்றும் சொல்ல வேண்டிவரும். ஒருவரை அந்த நிலைமையில் கொண்டுபோய் நிறுத்துவது பிச்சை கேட்பதைவிட மோசம். அதனால் அவள் கேட்கவில்லை. சாலையில் வண்டிகள் எதிர்ப்படும்போது வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லி, மனதுக்குள் மட்டும் எண்ணினாள். இவரா? இவர்களா? சாலைமுனை வீட்டு ரெய்னோ ஹாபலாவை அவள் எண்ணவே இல்லை. எழுபத்து நான்கு வயது பிரம்மச்சாரி. அவரிடம் கணினியும் இல்லை, கைபேசியும் இல்லை. வானிலைக்கே ரேடியோதான்.

அந்த வசந்தத்தில் பனி கரையத் தொடங்கியபோது ஒரு செய்தி வந்தது. மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் அரசாங்க உதவியோடு கிராமப்புறங்களுக்கு இணையக் கம்பி இழுக்கப் போகிறது. ஆனால் வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடங்களுக்கு மட்டும். நீலமான இடங்களுக்கு எதற்கு? அங்கேதான் ஏற்கெனவே இருக்கிறதே!

ஊர் மன்றக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மன்றத் தலைவி பெட்சி நியேமி, கம்பெனியிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தாள். சுத்தமான காலணிகளோடு வந்திருந்தார் மனிதர். அதிலேயே பாதிப்பேர் அவரை எடை போட்டுவிட்டார்கள்.

"எந்தெந்த வீட்டுக்கு உங்க கம்பி போகுதுன்னு ஒரு பட்டியல் போடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை" என்றாள் பெட்சி.

"அது வியாபாரத் தகவல் மேடம். வெளியிட்டா போட்டிக் கம்பெனிங்க அதை வச்சு எங்க வாடிக்கையாளரை இழுத்துக்குவாங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "போட்டியா? இங்கயா? யாரு, கரடியா வந்து கம்பி இழுக்கப் போகுது?"

கூடம் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். "வாடிக்கையாளர்களோட அந்தரங்கமும் இருக்கே" என்றார்.

"பேரு வேண்டாம்யா. எண்ணிக்கை சொல்லும். பழைய சுரங்கச் சாலை. எத்தனை வீடு?" என்றது அதே பின்வரிசைக் குரல்.

அவர் தன் காகிதங்களைப் புரட்டினார். "குறைஞ்சது ஒருத்தர் இருக்கார். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஏழு வீட்டுக்காரர்களும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் பூட்ஸ் முனையைப் பார்த்தார்கள். ஐலா எழுந்து பேச நினைத்தாள். நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க அக்காவுக்கு" என்று மனதுக்குள் தொடங்கிப் பார்த்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கையால் பேசச் சொல்லியிருந்தால் பேசியிருப்பாள். அங்கே யாருக்குப் புரியும்? பெட்சி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். அது பனித்தள்ளி வண்டியின் டயர்.

சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. ரெய்னோ நின்றிருந்தார். முப்பது வருட அக்கம்பக்கத்தில் அவர் அந்தப் படியேறியது கார்லின் சாவுக்கு ஒரே ஒரு முறை.

"உள்ளே வாங்க ரெய்னோ."

"வேண்டாம். பூட்ஸெல்லாம் சேறு."

"சேறு எங்க வீட்டுக்கும் தெரிஞ்சதுதான். வாங்க."

அவர் வரவில்லை. தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே தோட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஒருத்தன் நான்தான்."

ஐலாவுக்கு முதலில் புரியவில்லை.

"கம்பெனிக்காரன் சொன்னானே, ஒருத்தர்னு. நான்தான் அது. ஆறு வருஷமா."

"உங்ககிட்டதான் கணினியே இல்லையே!"

"இல்லதான்." அவர் காதுகள் சிவந்தன. "ஒரு பொண்ணு வந்தா. பிப்ரவரி மாசம், நல்ல காத்து. வீடு வீடா ஏறி விக்கிறாளாம். என் வீடுதான் முதல்ல வரும், நெடுஞ்சாலைப் பக்கம். உள்ளே கூப்பிட்டுக் காபி குடுத்தேன். ரெண்டு கப் குடிச்சா. அவங்க ஊரு, அவங்க நாய் எல்லாம் சொன்னா. அப்புறம் அந்தக் காகிதத்தை எடுத்தா. காபி குடிச்ச பொண்ணை எப்படி ஐலா வெறுங்கையோட அனுப்புறது?"

"அதுக்காகவா ஆறு வருஷம் பணம் கட்டுறீங்க?"

"கம்பியெல்லாம் மண்ணுக்கடியில பதிச்சுட்டாங்க. அப்புறம் வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஒரு பெட்டி வச்சுட்டுப் போனாங்க. எப்பவும் அணைக்காதீங்கன்னா அந்தப் பொண்ணு. நான் அணைக்கலை. பச்சை விளக்கு மினுக்கும். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா..." அவர் நிறுத்தினார். "வீட்டுல யாரோ முழிச்சிருக்கிற மாதிரி இருக்கும்."

ஐலா சாலைமுனைப் பக்கம் பார்த்தாள். அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ரெய்னோவின் புகைபோக்கி தெரியும். ஆறு வருடங்கள். ஆறு குளிர்காலங்கள் அவள் விரல் விறைக்க நூலக வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் வீட்டைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஞாயிறும் போயிருக்கிறாள்; ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு. எல்மாவின் கண்ணில் முழு வட்டம் இருந்த வருடங்களும் அதில் உண்டு. யாரோ ஒருவர் ஒரு தாளில் ஏழு வீட்டில் கம்பி இருப்பது இந்த வீட்டுக்கு என்று எழுதி நூலகச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். தெரிந்திருக்கும். அவள் கேட்டிருக்க வேண்டியதுகூட இல்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டால் அவரே கூப்பிட்டிருப்பார்.

"நாளைக்கே அதை வெட்டிவிடச் சொல்லிடறேன். நான் இல்லைன்னா சாலை வெள்ளையாயிடும்ல? எல்லாருக்கும் கம்பி வந்துடும்ல?" என்றார் ரெய்னோ.

"எப்போ?"

"பெட்சி சொன்னா, அடுத்த கணக்கெடுப்புக்கு அப்புறம்னு. ரெண்டு வருஷம், மூணு வருஷம்."

அவர் நல்லதைத்தான் சொன்னார். சாலையின் ஆறு வீட்டுக்கும் அது நல்லதுதான். மூன்றாவது வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். ஐலாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும், "வெட்டாதீங்க" என்று அவள் வாய் சொன்னது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டது. "தயவுசெஞ்சு வெட்டாதீங்க ரெய்னோ. எங்க அக்காவுக்குக் கண்ணு போகுது."

தன் தேவையை அவள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வெட்கத்தில் கதவுப் பிடியைத் துடைத்தாள்.

ரெய்னோ பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "உன் தொலைபேசி எங்கே?" என்றார். அவரே எண்ணைச் சுழற்றினார்.

"பெட்சி, ரெய்னோ பேசறேன். அந்த ஒருத்தன் நான்தான்... ஆமா, நான்தான்... என்ன பண்றேனா? ஒண்ணும் பண்ணலை. விளக்கு எரியுது... சிரிச்சு முடிச்சியா? சரி, எழுதிக்க. எனக்கு இருக்கு. மத்த ஆறு வீட்டுக்கும் இல்லை. என் பேரையும் போட்டுக்க. எனக்கு அந்தரங்கமும் இல்லை, ஒரு எழவும் இல்லை."

பெட்சியின் குரல் அறை முழுவதும் கேட்டது. "எழுதி அனுப்பறேன் ரெய்னோ. ஆனா நம்ம பேச்சை எடுத்துக்க மாட்டாங்க. கம்பெனி கொடுக்கிற கணக்கைத்தான் எடுத்துக்குவாங்களாம். இருந்தாலும் அனுப்பறேன்."

"அனுப்பு" என்றார் ரெய்னோ.

மறுநாள் பிற்பகல் ஐலா தன் சின்னத் திரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். பெட்டி, ரொட்டி டப்பாவுக்குப் பின்னால், பின்னல் துணி ஒன்று போர்த்தப்பட்டு உட்கார்ந்திருந்தது. சமையலறை மேசையைத் துடைத்து வைத்திருந்தார் ரெய்னோ. கொட்டகையிலிருந்து வேலைவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, கதவு ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அது அவள் முகத்தில் மத்தியானத்தைப்போல அடித்தது.

"கண்ணு கூசுதா?"

"கூசுது. அப்படியே இருக்கட்டும்."

"நான் வெளியே விறகு பிளக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேசறது எனக்குக் கேக்காது" என்றார். பிறகு தான் சொன்னதை யோசித்து, "உள்ளே இருந்தாலும் கேக்காது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எல்மா திரையில் வந்தாள். படம் உறையவில்லை. அக்காவின் கன்னத்து மச்சம் தெரிந்தது. காதோரத்து நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஐலா கைகளை மார்போடு ஒட்டிவைத்து, சின்னதாக, தெளிவாகப் பேசத் தொடங்கினாள். ரெய்னோவைப் பற்றி, காபி குடித்த பெண்ணைப் பற்றி, கரடியைப் பற்றி. ஆறு வருடத்துச் சின்னச் சின்னச் சேதிகள், உறைந்துபோன இடங்களில் விட்டுப்போனவை, எல்லாம் விரல்களில் முண்டியடித்து வந்தன. எல்மா சிரித்தாள். கரடிக்கு இரண்டு தடவை சிரித்தாள். கம்பெனிக்காரருக்குக் கைச்சைகையில் ஒரு பெயர் வைத்தாள், சுத்தமான காலணியை உதறுவதுபோல.

பிறகு எல்மாவின் தலை மெல்ல மேலும் கீழும் அசைவதை ஐலா கவனித்தாள். கையைப் பார்க்கிறாள், முகத்துக்குப் போகிறாள், மறுபடி கைக்கு இறங்குகிறாள்.

"என்ன தேடுற?"

"ரெண்டும் ஒண்ணா வரமாட்டேங்குது. கையைப் பார்த்தா நீ என்ன சொல்றேன்னு தெரியுது. முகம் இல்லை. முகத்துக்குப் போனா கை போயிடுது. நல்ல வெளிச்சம், நல்ல படம். என்கிட்டதான் இடம் இல்லை."

"கையை இன்னும் மேலே வச்சுக்கறேன். தாடைக்குப் பக்கத்துல. இப்படி. தெரியுதா?"

"ஐலா."

"இன்னும் சின்னதாப் பேசறேன். இரு, நாற்காலியைத் தள்ளிப் போடறேன்."

"ஐலா. கையைக் கீழே வை."

ஐலாவின் கைகள் நடுவில் நின்றன.

"அடுத்த வாரம் பேசலாம். இன்னிக்குப் பேசாதே. நான் உன் முகத்தைப் பார்க்கணும். அந்த வண்டிக்குள்ள எத்தனை வருஷமா எனக்கு அது தெரியவே இல்லை."

வெளியே ரெய்னோவின் கோடரி விறகில் இறங்கும் சத்தம் கேட்டது. ஐலா கைகளை மேசைக்குக் கீழே மடியில் வைத்து, ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள். விளக்கு நேராக அடித்தது. கண்ணைச் சிமிட்டக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் சிமிட்டத்தான் வேண்டியிருந்தது. திரையில் எல்மா முன்னால் குனிந்தாள். ஐலாவின் நெற்றியில் தொடங்கி, மிக நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.